அந்த இருபது ஆண்டுகளை நான்கு வரியில் முடிக்காதீர்கள்: நடனப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களிலும் இசை, நுண்கலைக் கல்லூரிகளிலும் நடன வரலாற்றுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். நடனத்தில் பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைகள் சிலருக்குத் தேர்வு நேரத்தில் வரலாற்றுத் தாளுக்கு உதவுவது என் வழக்கம். யார் கொண்டுவரும் நோட்டைத் திறந்தாலும் ‘மேற்கத்திய நடனம்’ என்ற அலகு ஒரே மாதிரிதான் இருக்கிறது. பாலே பிரெஞ்சு அரசவையில் வளர்ந்து ரஷ்யாவில் செழித்தது. இசடோரா டங்கன் காலணியைக் கழற்றி வீசினார். மார்த்தா கிரகாம் நவீன நடனத்தின் தாய். அன்னா பாவ்லோவா இந்தியா வந்தார். அவ்வளவுதான். தேர்விலும் அதற்கேற்ற கேள்வி: ‘நவீன நடனத்தின் தாய் யார்? இரண்டு மதிப்பெண்.’

இப்படிப் படிக்கிற பிள்ளைக்கு, அந்த நடனக்காரர்கள் எல்லாம் வாடகை கட்டாமல், கடவுச்சீட்டு இல்லாமல், எந்த அரசாங்கத்தின் முகத்திலும் விழிக்காமல் வாழ்ந்தவர்கள் என்றுதான் தோன்றும். 1919 முதல் 1939 வரையிலான இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மேடை ஏறிய ஒவ்வொருவரும் பணத்துக்கும் அரசுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது அந்த இருபது ஆண்டுகளுக்குத் தனி அலகு ஒதுக்குங்கள், அந்தப் பதில்களை வைத்தே அதை நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கே தொடங்குவது என்றால், ஒரு கட்டடத்தில் தொடங்கலாம். பாரிஸின் தெயாத்ர் தெ ஷான்ஸெலிஸே, 1913இல் திறந்த கான்கிரீட் அரங்கம். அதன் முகப்பில் சிற்பி பூர்தேல் செதுக்கிய புடைப்புச் சிற்பத்தில் இசடோராவும் ரஷ்ய நடனக்காரர் நிஜின்ஸ்கியும் ஆடிக்கொண்டிருப்பார்கள். திறந்து இரண்டே மாதத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு நிஜின்ஸ்கி அமைத்த ‘வசந்தத்தின் சடங்கு’ அங்கே அரங்கேறி, பார்வையாளர்கள் கத்திக் கூப்பாடு போட்ட கதை ஏறக்குறைய எல்லா நோட்டிலும் இருக்கிறது. போருக்குப் பிறகு அதே மேடையில் நடந்தவை எந்த நோட்டிலும் இல்லை.

1920இல் ரோல்ஃப் தெ மாரே என்ற ஸ்வீடன் நாட்டுச் செல்வந்தர் அந்த அரங்கைக் குத்தகைக்கு எடுத்து, ஸ்வீடிஷ் பாலே என்ற குழுவை ஐந்தாண்டு நடத்தினார். 1925 அக்டோபரில் ஜோசஃபின் பேக்கர் என்ற 19 வயது அமெரிக்கக் கறுப்பினப் பெண் அங்கே ஆடி ஒரே இரவில் பாரிஸின் பேச்சுப்பொருளானார். 1931 மார்ச்சில் இந்திய நடனக் கலைஞர் உதய் சங்கர் தன் குழுவோடு அதே மேடைக்கு வந்தார். 1932 ஜூலை 3ஆம் தேதி கர்ட் யோஸ் என்ற ஜெர்மானியரின் ‘பச்சை மேசை’ அங்கேதான் முதன்முதலில் ஆடப்பட்டது. அதற்கான போட்டியை நடத்தியது பன்னாட்டு நடன ஆவணக் காப்பகம். அதைத் தொடங்கியவரும் அதே தெ மாரேதான். பேக்கரைக் ‘காட்டின் துடிப்பு’ என்றும் சங்கரைக் ‘கிழக்கின் ஆன்மிகம்’ என்றும் பாரிஸ் கொண்டாடியதில் எவ்வளவு கலை, எவ்வளவு காலனியப் பார்வை என்று வகுப்பில் பேசினால் அதற்கே ஒரு வாரம் போதாது. கட்டடம் ஒன்றுதான், வாடகைக்கு வந்தவர்கள்தான் மாறினார்கள். பிள்ளைகளுக்குப் பெயர்ப் பட்டியலைவிட இது நன்றாக மனதில் நிற்கும்.

அடுத்து பணம். செர்கேய் டியாகிலெவ் என்ற ரஷ்யர் நடத்திய பாலே ரூஸ், பெயரில்தான் ரஷ்யக் குழு. ரஷ்யாவில் அது ஒரு முறைகூட ஆடியதில்லை. 1917 புரட்சிக்குப் பின் திரும்பிப் போகவும் வழியில்லை. 1921 நவம்பரில் லண்டன் அல்ஹாம்பிரா அரங்கில் ரஷ்ய அரசவைக் காலத்தில் பெட்டிபா அமைத்த பழைய பாலே ஒன்றைப் பிரமாண்டமாக மேடையேற்றினார், ‘உறங்கும் இளவரசி’ என்று. நூறு காட்சிகளுக்கு மேல் ஓடியும் போட்ட காசு வரவில்லை. கடனுக்கு ஈடாக அரங்க உரிமையாளர் காட்சித் திரைகளையும் உடைகளையும் பிடித்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு மாண்டி கார்லோவில் குளிர்காலத்துக்கு ஓர் இடம் கிடைத்ததால்தான் குழு மூச்சுவிட்டது. சூதாட்ட நகரம் சோறு போட்டது, குழு பாரிஸுக்குப் போய்ப் புதுமை செய்தது. இந்தக் கணக்கைச் சொல்லாமல் 1920களின் பாலேயை விளக்க முடியாது.

அந்தப் புதுமைகளில் ஒன்றையாவது பாடத்தில் விரிவாக வையுங்கள். என்னைக் கேட்டால் 1923இல் வந்த ‘லே நோஸ்’. ஒரு ரஷ்யக் கிராமத்துக் கல்யாணம். அமைத்தவர் பிரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா. நம் குறிப்பேடுகளில் அவர் பெயர் வந்தால், ‘நிஜின்ஸ்கியின் தங்கை’ என்றுதான் வரும். புரட்சிக்காலக் கீவ் நகரில் சொந்தமாகப் பள்ளி நடத்திவிட்டு வந்தவர் அவர். ஓவியர் கோன்சரோவா முதலில் பளபளவென்று வண்ண உடைகளை வரைந்து கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் எல்லோருக்கும் பழுப்பும் வெள்ளையும் மட்டுமே. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு நான்கு பியானோ, தாள வாத்தியங்கள், கூட்டுக்குரல். மணப்பெண்ணின் நீண்ட பின்னலைத் தோழிகள் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அலங்காரமா, கட்டிப்போடுவதா என்று சந்தேகம் வரும். பெண்கள் ‘பாயிண்ட்’ காலணியில்தான் ஆடுகிறார்கள். ஆனால் அந்த நுனிக்கால் மிதப்பதற்கு இல்லை, தரையைக் குத்துவதற்கு. ஒரு கட்டத்தில் ஒருத்தி தலைமேல் ஒருத்தி தலையாகச் சாய்ந்து கோபுரம் போல நிற்பார்கள், ஒரு முகத்திலும் சிரிப்பு இருக்காது. அடவும் தாளமும் பழகிய நம் பிள்ளைகள் இதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்கள். ‘பாலே என்றால் பழமை, நவீன நடனம் என்றால் விடுதலை’ என்ற வாய்ப்பாடு அந்த நிமிடமே உடைந்துவிடும்.

1929 ஆகஸ்டில் டியாகிலெவ் வெனிஸில் இறந்ததும் குழு கலைந்தது. அதில் ஏதோ ஒரு காலத்தில் இருந்தவர்கள் நாலா பக்கமும் பாலேயை நட்டார்கள். நினெட் தெ வாலுவாவும் மேரி ராம்பெர்ட்டும் லண்டனில், லிஃபார் பாரிஸ் ஓபராவில், பாலன்ஷின் சில ஆண்டு அலைந்துவிட்டு 1933இல் நியூயார்க்கில். மறு ஆண்டு அவர் பள்ளி மாணவிகளை வைத்து ‘செரனேட்’ அமைத்தார். முதல் நாள் ஒத்திகைக்கு 17 பெண்கள் வந்ததால் தொடக்கக் காட்சி 17 பேருக்கு. ஒருத்தி தாமதமாக வந்தாள், இன்னொருத்தி கீழே விழுந்தாள். இரண்டையும் நடனத்தில் சேர்த்துவிட்டார், இன்றும் அப்படியே ஆடுகிறார்கள். தேர்வுக்கு உதவாத செய்திதான், இருந்தாலும் சொல்லிக் கொடுங்கள். நடனம் அமைக்கப்போகிற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

இனி ஜெர்மனி. இந்த அலகின் மையமாக அதைத்தான் வைக்கச் சொல்கிறேன்.

முதலில் மேரி விக்மன். 1920இல் டிரெஸ்டனில் பள்ளி தொடங்கியவர். அவருடைய ‘சூனியக்காரி நடனம்’ (1926ஆம் ஆண்டு வடிவம்) படச்சுருளில் துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, இரண்டு நிமிடம்கூட இராது. தரையில் உட்கார்ந்தபடியே ஆடுகிறார். முகத்தில் முகமூடி. பின்னணியில் தாள வாத்தியம் மட்டும். கால்களை அகட்டி, முழங்கால்களைக் கைகளால் பற்றி, பாதங்களால் தரையை அறைந்துகொண்டே உட்கார்ந்த இடத்தில் சுற்றுகிறார். அழகாக இருக்க வேண்டும் என்ற கவலையே அந்த உடம்பில் இல்லை. நடனத்துக்கு இசையும் கதையும் வேண்டாம், வெளியும் உடம்பும் போதும் என்று அவர் சொன்னதற்கு அந்தத் துண்டுப் படம்தான் சாட்சி. தயவுசெய்து வகுப்பில் திரையிடுங்கள்.

விக்மனின் ஆசான் ருடால்ஃப் லாபான். நடன அசைவுகளைத் தாளில் எழுதிவைக்கும் லாபான் குறியீடு நம் பாடத்திட்டங்களில் உண்டு. கீழிருந்து மேலாகப் படிப்பது, நடுக்கோட்டுக்கு இருபுறமும் உடம்பின் இடம் வலம், சின்னத்தின் வடிவம் திசையைக் காட்டும், நீளம் காலத்தைக் காட்டும் என்பதுவரை ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். 1928இல் அதை வெளியிட்டவர் எட்டே ஆண்டில் எங்கே நின்றார் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

லாபானின் மாணவர் கர்ட் யோஸ். எஸ்ஸன் நகரின் ஃபோக்வாங் பள்ளியை 1927இல் உருவாக்கியவர்களில் ஒருவர். ‘பச்சை மேசை’ அவர் வேலை. திரை உயர்ந்ததும் பச்சைத் துணி விரித்த நீள மேசை. அதைச் சுற்றி முகமூடி அணிந்த, கறுப்பு உடை போட்ட பத்துக் கனவான்கள். இரண்டு பியானோக்கள் டாங்கோ மெட்டு வாசிக்கின்றன. கனவான்கள் குனிகிறார்கள், நிமிர்கிறார்கள், விரலை நீட்டி வாதாடுகிறார்கள், கைதட்டிப் பாராட்டுகிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள். எல்லாம் அளந்த மரியாதை. கடைசியில் வரிசையாக நின்று துப்பாக்கியை எடுத்து மேலே சுடுகிறார்கள். அடுத்த கணம் மேடையில் சாவு தனியாக நிற்கிறது. அதன்பின் விடைபெறும் வீரர்கள், போர்க்களம், அகதிகள், எதிர்த்துப் போராடும் ஒரு பெண், விலைமாதர் விடுதி, இடையிடையே எதையாவது சுருட்டிக்கொண்டு போகும் ஒரு லாபக்காரன். ஒவ்வொருவரையும் சாவு ஒவ்வொரு விதமாக அழைத்துப்போகிறது, கிழவியை மென்மையாக, வீரனை முரட்டுத்தனமாக. எல்லாம் முடிந்ததும் மறுபடி அதே மேசை, அதே டாங்கோ. சாவாக முதலில் ஆடியவர் யோஸேதான். போட்டியில் முதல் பரிசு கிடைத்தது.

இது நடந்து ஏழு மாதத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யோஸின் இசையமைப்பாளர் ஃபிரிட்ஸ் கோஹன் யூதர். அவரையும் மற்ற யூதக் கலைஞர்களையும் நீக்கச் சொன்னார்கள். யோஸ் மறுத்தார். 1933 முடிவதற்குள் குழுவோடு எல்லையைத் தாண்டிவிட்டார். பிறகு இங்கிலாந்தில் டெவன் பகுதியில் உள்ள டார்ட்டிங்டன் பண்ணை அவர்களுக்கு இடம் கொடுத்தது. அந்தப் பண்ணையை நடத்திய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், தாகூரோடு ஸ்ரீநிகேதனில் வேலை செய்தவர். உதய் சங்கர் குழுவும் 1930களில் அங்கே தங்கியது, அவர் அல்மோராவில் மையம் தொடங்கவும் அந்தக் குடும்பத்தின் பணம் உதவியது. மேற்கு ஓர் அலகு, இந்தியா ஓர் அலகு என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிற இரண்டும் ஒரே பண்ணையில் தங்கியிருந்தன!

லாபான் போகவில்லை. 1934இல் கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகத்தின் கீழ் ஜெர்மன் நடன மேடையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி ஒரு பெரும் கூட்டு நடனம் அமைத்தார். ஏறத்தாழ ஆயிரம் பேர், பல ஊர்களைச் சேர்ந்த குழுக்கள், அவரவர் ஊரில் குறியீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து பெர்லின் திறந்தவெளி அரங்கில் ஒன்றுசேர்ந்தார்கள். குறியீட்டின் வெற்றிக்கு இதைவிட நிரூபணம் வேண்டாம். 1936 ஜூனில் முழு ஒத்திகை நடந்தது. அழைக்கப்பட்ட கூட்டம் பார்த்தது, கோயபல்ஸும் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. நம் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறதே தவிர நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நிகழ்ச்சி ரத்து. லாபானின் செல்வாக்கு அதோடு சரிந்தது. மறு ஆண்டு பாரிஸுக்குப் போய், நோயும் வறுமையுமாக இருந்து, 1938இல் டார்ட்டிங்டனுக்கு வந்து சேர்ந்தார், எப்போதோ வெளியேறிய தன் மாணவர் யோஸ் இருந்த இடத்துக்கு.

இந்தக் கதையில் லாபான் பலியாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிகழ்ச்சியைத் தடுத்தவர்கள் அவர்கள், இரண்டாண்டு அவர்களிடம் சம்பளம் வாங்கியவர் அவர். இரண்டும் பாடத்தில் இருக்கட்டும்.

விக்மனும் தங்கினார். 1936 ஆகஸ்ட் 1ஆம் தேதி இரவு, ஒலிம்பிக் அரங்கில் நடந்த தொடக்க விழா நிகழ்ச்சியில் எண்பது நடனக்காரிகளோடு இறந்தவர்களுக்கான ஒப்பாரி நடனத்தை ஆடினார். அதே விழாவில் யூத வம்சாவளி கொண்ட கிரெட் பாலுக்காவும் ஆடினார். பின்னாளில் அரசு விக்மனையும் ஒதுக்கியது, 1942இல் டிரெஸ்டன் பள்ளி கைவிட்டுப் போனது. நியூயார்க்கில் 1931இல் அவர் பெயரில் பள்ளி திறந்திருந்த மாணவி ஹான்யா ஹோம், 1936இல் அந்தப் பெயர்ப்பலகையை மாற்றித் தன் பெயரைப் போட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் அதற்குள் விக்மன் என்ற பெயருக்கு வேறு பொருள் வந்துவிட்டிருந்தது.

அதே 1936இல் பெர்லினில் நடந்த பன்னாட்டு நடன விழாவுக்கு மார்த்தா கிரகாமுக்கு அழைப்பு வந்தது. மறுத்துவிட்டார். நான் மதிக்கும் கலைஞர்கள் பலர் அங்கே துன்புறுத்தப்பட்டு வேலையை இழந்திருக்கிறார்கள், என் குழுவில் உள்ள சிலருக்கு அங்கே வரவேற்பு இருக்காது என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். குழுவில் யூதப் பெண்கள் இருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் போரையும் பாசிசத்தையும் எதிர்த்து ‘கிரானிக்கிள்’ என்ற படைப்பை நியூயார்க்கில் மேடையேற்றினார். ஆடியது முழுக்கப் பெண்கள். அவர் குழுவுக்குள் முதல் ஆண் வந்ததே 1938இல்தான்.

கிரகாமைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதும் ‘சுருக்கம், தளர்வு’ என்ற உடல் உத்தி சரிதான். 1930இல் வந்த ‘லாமெண்டேஷன்’ தனிநடனத்தில், குழாய் போலத் தைத்த ஊதாத் துணிக்குள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் இழுத்த இழுப்பையும் காட்டுங்கள். ஆனால் நவீன நடனத்தின் தாய் என்று முடிக்காமல், அழைப்புக் கடிதத்துக்கு அவர் என்ன பதில் எழுதினார் என்பதையும் சேருங்கள். உடனே ஒரு மாணவி கேட்பாள்: நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு மறுப்பது எளிதுதானே, டிரெஸ்டனில் பள்ளி வைத்திருந்தவர் என்ன செய்வார்? நல்ல கேள்வி. அதற்கு எஸ்ஸனிலிருந்து போன யோஸைக் காட்டலாம். இன்னொருத்தி, எல்லோருக்கும் ஒரு டார்ட்டிங்டன் கிடைக்குமா என்பாள். அதுவும் நியாயம். ஓடா ஷாட்முல்லர் என்ற பெர்லின் நடனக்காரி நாஜி எதிர்ப்பில் சேர்ந்து 1943இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். டியாகிலெவுக்குப் பின் மாண்டி கார்லோவில் ரஷ்ய பாலேயை மீட்டெடுத்தவர்களில் ஒருவரான ரெனே பிளம் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

அரசு அழைத்தாலே தீமை என்று பிள்ளைகள் முடிவுக்கு வந்துவிடாமலிருக்க அமெரிக்க எடுத்துக்காட்டு ஒன்றும் தேவை. பெருமந்த காலத்தில் ரூஸ்வெல்ட் அரசு 1936இல் கூட்டாட்சி நடனத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, வேலையற்ற நடனக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஹெலன் தமிரிஸ் 1937இல் கறுப்பின மக்களின் எதிர்ப்புப் பாடல்களுக்கு நடனம் அமைத்தது அந்தப் பணத்தில்தான். 1939இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிதியை நிறுத்தியது. அரசுப் பணம் எப்போது வாயைக் கட்டுகிறது, எப்போது வாயைத் திறக்க விடுகிறது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச முடியும்.

கடைசியாக நம் ஊர். பாவ்லோவா வரும் அந்த ஒரு வரியைப் பற்றி. 1923இல் லண்டனில் இளைஞர் உதய் சங்கரைச் சேர்த்துக்கொண்டு இந்தியக் கருப்பொருளில் நடனங்கள் அமைத்தவர் அவர். 1920களின் இறுதியில் ருக்மிணி தேவியைச் சந்தித்தார், அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார், உங்கள் நாட்டு நடனத்தைப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டினார். இதெல்லாம் சரி. ஆனால் இதைச் சொல்கிற பக்கத்தில் மயிலாப்பூர் கௌரி அம்மாளுக்கு எத்தனை வரி? ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் கற்றுக்கொடுத்தவர். ராகினி தேவி என்ற பெயரில் ஆடிய அமெரிக்கப் பெண்ணும் 1930களின் தொடக்கத்தில் அவரிடம் வந்துதான் படித்தார். அன்றைக்கு உலகம் சுற்றிய நடனத்தின் ஒரு முனை மயிலாப்பூரில் இருந்தது. பாவ்லோவா சொன்ன ஒரு பேச்சுக்குக் கிடைத்த இடம் கௌரி அம்மாள் கற்பித்த பல ஆண்டுக்குக் கிடைக்கவில்லை. 1933இல் யோஸ் எல்லை தாண்டிக்கொண்டிருந்தபோது சென்னையில் சதிராட்டத்தை, பின்னாளில் பரதநாட்டியம் என்று பெயர் பெற்றதைத், தடை செய்வதா, காப்பதா, காப்பதென்றால் யாரிடமிருந்து எடுத்து யாரிடம் கொடுப்பது என்ற சண்டை நடந்துகொண்டிருந்தது. இங்கே நடந்ததும் அங்கே நடந்ததும் ஒன்றல்ல. ஒரே வருடத்தில் நடந்தவை என்ற அளவிலாவது ஒரே அலகில் வரட்டும்.

செலவு எதுவும் இல்லை. மேலே சொன்ன படைப்புகளில் பலவற்றின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பத்து வகுப்பு நேரம் ஒதுக்கினால் போதும். அதற்கு இடம் வேண்டுமென்றால் பாலேயை வளர்த்த பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி பகுதியைச் சுருக்குங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தேர்வுத்தாளிலும் ‘தாய் யார்’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 1936இல் பெர்லினிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது, உங்கள் குழுவில் பன்னிரண்டு பேர், அதில் மூவர் யூதர், கையில் அடுத்த மாத வாடகை இல்லை, பதில் கடிதம் எழுதுக, பதினைந்து மதிப்பெண், என்று கேட்டுப் பாருங்கள். விடைத்தாள் திருத்த ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
நடன வரலாறு படிக்கும் ஒரு பழைய மாணவி